தொட்டால் சுருங்கும் 'கடலை': சேற்றுக்குள் ஒளிந்திருக்கும் இந்தப் புழுவைத் தெரியுமா?

கச்சாங் பூத்தே சாப்பிட்டிருக்கீங்களா? முன்பெல்லாம் திரையரங்கு வாசலில் கூம்பு மாதிரி சுருட்டிய தாளில் கிடைக்கும். அதிலிருந்து தோல் உரிக்காத ஒரு வேர்க்கடலைப் பருப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்க. பழுப்பு நிறம், மழுங்கிய இரண்டு முனை, மேலே லேசான சுருக்கம்.

அதே உருவம் சதுப்புநிலச் சேற்றுக்குள் கிடப்பதாகக் கற்பனை பண்ணிக்கோங்க. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அந்தக் 'கடலை' நீள ஆரம்பிக்கும். ஒரு முனையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மெதுவாக வெளியே வரும். விரல் பட்டதுமே ஒரே இழுப்பு! மறுபடியும் கடலை.

ஆங்கிலத்தில் 'பீநட் வோர்ம்' என்று பெயர் வந்ததற்கு இதுதான் காரணம். நாம் கடலைப் புழு என்று சொல்லலாம். கடலில் வாழ்வதால் வந்த பெயரோ என்று நினைத்துவிடாதீங்க. அந்தச் சிலேடை தமிழுக்கு மட்டும் கிடைத்த போனஸ். அறிவியல் உலகில் இந்தக் கூட்டத்துக்கு 'சிபுன்குலா' என்று பெயர். சின்னக் குழாய் என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

உலகம் முழுக்க ஏறக்குறைய 150 இனங்கள் இருக்கின்றன. சில மில்லிமீட்டர் நீளத்தில் இருப்பவையும் உண்டு, அரை மீட்டரை எட்டுபவையும் உண்டு. பெரும்பாலானவை உங்கள் விரல் நீளத்தைத் தாண்டாது. எல்லாமே கடல்வாழ் உயிர்கள்தான், நன்னீரில் ஒன்றுகூடக் கிடையாது. அலை வந்து போகும் கரையிலிருந்து 6,000 மீட்டருக்கும் கீழே உள்ள ஆழ்கடல் வரை இவை பரவியிருக்கின்றன.

நம் வட்டாரத்துச் சதுப்புநிலக் காடுகளில் இருப்பது 'ஃபாஸ்கொலோசோமா ஆர்க்குவாட்டம்' என்ற இனம். கண்டல் மரங்களின் வேர்களுக்கு இடையே, கெட்டியான சேற்றில் பொந்து போட்டு வாழும். சுங்கை பூலோ மரப்பாதையில் நடந்திருந்தால், உங்கள் காலுக்குக் கீழே இருந்த சேற்றிலும் இதன் பொந்துகள் இருந்திருக்கலாம்.

எலும்பு இல்லை, இதயம் இல்லை, அப்புறம் என்னதான் இருக்கு?

கடலைப் புழுவின் உடலில் இரண்டே பகுதிகள். பின்னால் தடித்த உடல், முன்னால் உள்ளிழுத்துக்கொள்ளக்கூடிய அந்தக் குழாய். குழாயின் நுனியில் வாய். வாயைச் சுற்றியோ வாய்க்கு மேலேயோ சின்னச் சின்ன உணர்கொம்புகள். தலை என்று தனியாகச் சொல்ல எதுவும் இல்லை. மண்புழுவுக்கு இருப்பது போன்ற வளையங்கள் இல்லை, முட்கள் இல்லை, கால்கள் இல்லை. இதயமும் இரத்தக் குழாய்களும்கூட இல்லை.

'இல்லை'களின் பட்டியல் நீண்டுகொண்டே போகுதேன்னு தோணுதா? உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உடலுக்குள் தடுப்பே இல்லாத ஒரு பெரிய அறை. அது முழுக்கத் திரவம். இந்தப் புழுவைத் தண்ணீர் நிரப்பிக் கட்டிய பை என்றே சொல்லலாம். நம் உடலில் எலும்பு, இரத்தம் என்று பிரித்துக் கொடுத்திருக்கும் வேலைகளில் பலவற்றை இங்கே அந்த ஒரே திரவம் செய்கிறது.

முதலில் எலும்பின் வேலை. கால்சட்டைப் பாக்கெட்டைத் துவைக்கும்போது உள்பக்கமாக வெளியே இழுப்போம் இல்லையா? அதைத் திரும்ப உள்ளே தள்ளினால் போய்விடும். குழாயும் அப்படித்தான் உள்வெளியாகப் புரண்டு உள்ளே போகிறது. உள்ளே இழுப்பதற்குத் தசைகள் உண்டு. பல இனங்களில் 4 தசைகள், உடல் சுவரிலிருந்து கிளம்பிக் குழாயின் நுனி வரை போகும். அவை சுருங்கினால் 'சடக்'கென்று குழாய் உள்ளே போய்விடும்.

வெளியே தள்ளுவதற்கு? அதற்கென்று நேரடியாக ஒரு தசையும் இல்லை. தசையால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. அதனால் புழு தன் உடல் சுவரைச் சுற்றியுள்ள தசைகளை இறுக்குகிறது. உள்ளே இருக்கும் திரவம் நசுங்காது, எங்கேயாவது போயாக வேண்டும். அது முன்பக்கமாகப் பாய்ந்து குழாயை வெளியே தள்ளுகிறது. நீளமான பலூனின் ஒரு முனையைக் கையால் அழுத்தினால் மறுமுனை புடைக்குமே, அதே கதைதான்.

இழுப்பது வேகமாகவும் நீட்டுவது மெதுவாகவும் இருப்பது ஏன் என்று இப்போது புரியும். தசை இழுப்பது நேரடி வேலை. திரவத்தை அழுத்தி நீட்டுவது சுற்றுவழி. எதிரி வந்தால் தப்பிக்க வேண்டிய திசை உள்ளேதான் என்பதால் புழுவுக்கு இந்த ஏற்பாடு போதும்.

மணலைத் தோண்டுவதற்கும் இதே உத்திதான். குழாயை மணலுக்குள் செலுத்தி, நுனியைப் புடைக்க வைத்து நங்கூரம் மாதிரி ஊன்றிக்கொள்ளும். பிறகு மிச்ச உடலை அதை நோக்கி இழுத்துக்கொள்ளும். சில இனங்களின் குழாயில் வரிசை வரிசையாகக் குட்டிக் கொக்கிகளும் இருக்கும். கையில்லாத பிராணி கல் இடுக்கில் பிடித்துக்கொள்ள வேறு வழி என்ன?

தோல் மெல்லியதாகத் தெரிந்தாலும் உறுதியானது, கொலாஜன் நிறைந்தது. 'சிபுன்குலஸ்' என்ற இனக்குழுவில் உள்தசைகள் பட்டை பட்டையாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால், வெளியே பார்த்தால் கணக்கு நோட்டின் கட்டங்கள் மாதிரி இருக்கும்.

ஆசனவாய் முன்னால் இருந்தால்?

இந்தப் பகுதியைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீங்க.

பொந்தின் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். பின்பக்கம் மூடிய சேறு. ஆசனவாய் வால் பக்கம் இருந்திருந்தால் புழு தன் கழிவிலேயே மூழ்கிக் கிடக்க வேண்டியதுதான். அதனால் குடல் 'யு' எழுத்து மாதிரி வளைந்து திரும்பி வருகிறது. கீழே போகும் குடலும் மேலே வரும் குடலும் கயிறு திரித்தது போல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஆசனவாய் இருப்பது முதுகுப் பக்கம், உடலும் குழாயும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில்.

சேற்றையோ மணலையோ அப்படியே விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் அழுகிய இலைத்துணுக்கு, நுண்ணுயிர்கள், பாசி போன்றவற்றைச் செரித்துவிட்டு, மிச்சத்தை வெளியே தள்ளுவது பல இனங்களின் வழக்கம். சில இனங்கள் உணர்கொம்புகளைக் கிளை கிளையாக விரித்துத் தண்ணீரில் மிதந்து வருவதைப் பிடித்துக்கொள்ளும். கண்டல் இலை விழுந்து, மக்கி, சேறாகி, மறுபடியும் இன்னொரு உயிருக்கு உணவாகிற சுற்றில் இந்தப் புழுவுக்கும் பங்கு உண்டு.

ஊதா நிற 'இரத்தம்'

கடல் வடிந்த பிறகு சதுப்புநிலச் சேற்றின் வாடையை முகர்ந்திருக்கீங்களா? அழுகிய முட்டை மாதிரி இருக்கும். அது கந்தக வாயுவின் வாடை. மேல்பரப்புக்குச் சற்றுக் கீழே ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை என்பதற்கு அடையாளம். அதற்குள்தான் நம் புழு உட்கார்ந்திருக்கிறது.

நம் இரத்தம் சிவப்பு. ஹீமோகுளோபின்தான் காரணம். குதிரைலாட நண்டின் இரத்தம் நீலம், அதில் செம்பு இருக்கிறது. கடலைப் புழுவிடம் இருப்பது மூன்றாவது வகை. அதன் பெயர் ஹெமெரித்ரின். பெயரில் 'ஹெம்' இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீங்க. ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கிப் பிடிக்கும் 'ஹீம்' என்ற வளையம் இதில் இல்லவே இல்லை. இரும்பு அணுக்கள் இரண்டிரண்டாகப் புரதத்தோடு நேரடியாக இணைந்திருக்கும். அந்த இரண்டு அணுவும் சேர்ந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும்.

ஆக்சிஜன் இல்லாதபோது ஹெமெரித்ரினுக்கு நிறமே கிடையாது. ஆக்சிஜன் சேர்ந்ததும் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்துக்கு மாறிவிடும். இன்னொரு விசித்திரமும் உண்டு. வாகனப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு நமக்கு எமனாவது, ஹீமோகுளோபினில் ஆக்சிஜனின் இடத்தை அது பிடித்துக்கொள்வதால்தான். ஹெமெரித்ரினில் அது ஒட்டிக்கொள்வதே இல்லை.

இந்த ஹெமெரித்ரின் தங்கியிருக்கும் அணுக்கள் மிதப்பது வேறெங்கும் இல்லை, அதே உடலறைத் திரவத்தில்தான். புழு நெளிந்து நெளிந்து திரவத்தைக் கலக்கிக்கொண்டே இருக்கும், அதுவே இரத்த ஓட்டம். இதயம் எதற்கு?

தண்ணீர் வடிந்து, கையிருப்பு ஆக்சிஜனும் தீர்ந்துபோனால்? புழு இரண்டு காரியம் செய்கிறது. முதலாவது, செலவைக் குறைக்கிறது. உடலின் எரிசக்திப் பயன்பாடு சரேலென்று குறைந்துவிடும். ஐரோப்பியக் கரைகளில் வாழும் 'சிபுன்குலஸ் நூடஸ்' இனத்தில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். இரண்டாவது, ஆக்சிஜன் இல்லாமலேயே சக்தி எடுக்கும் வழிக்கு மாறுகிறது. நாம் மூச்சு வாங்க ஓடும்போது தசைகளில் லாக்டிக் அமிலம் சேரும் என்று பள்ளியில் படித்திருப்பீங்க. இந்தப் புழு அந்த வழியை நம்பியிருக்காமல் 'ஒப்பைன்' எனப்படும் வேறு சேர்மங்களை உண்டாக்குகிறது. நேரம் நீண்டால் இன்னும் சிக்கனமான வழிகளுக்கு மாறும்.

சிங்கப்பூரிலும் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். நமது சதுப்புநிலத்துக் கடலைப் புழு ஆக்சிஜன் இல்லாத நிலையை எப்படிச் சமாளிக்கிறது என்பதைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் ஆராய்ந்தார்கள்.

திரவத்துக்குள் ஒரு துப்புரவுப் படை

அந்தத் திரவத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். இரத்தம் மாதிரி வேலை செய்தால் குப்பையும் சேருமே, யார் சுத்தம் செய்வது? சில இனங்களில் 'கலயம்' என்ற பொருளில் பெயரிடப்பட்ட உயிரணுக் கூட்டங்கள் இருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் கலயம் கவிழ்ந்தது மாதிரி இருக்கும். அடியில் துடிக்கும் நுண்மயிர்கள். அவை திரவத்தில் நீந்திக்கொண்டே போய், இறந்த அணுக்களையும் பாக்டீரியாக்களையும் பிசுபிசுப்பான சளியில் சிக்கவைத்து வால் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். தனி உயிரினமோ என்று முதலில் பார்த்தவர்கள் குழம்பியதில் ஆச்சரியமில்லை. சளி எப்படிச் சுரக்கிறது என்று புரிந்துகொள்ள மருத்துவ ஆய்வுகளில்கூட இவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இனப்பெருக்கமும் அதே அறையில்தான். முட்டையும் விந்தணுவும் முழுதாக முதிர்வதற்கு முன்னாலேயே பிரிந்து திரவத்தில் மிதக்கும். அங்கேயே முதிரும். முதிர்ந்தவற்றைச் சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பொறுக்கியெடுத்துக் கடலில் விடும். ஆணா பெண்ணா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

மண்புழுவுக்கு உறவா?

1766-ல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 'சிபுன்குலஸ் நூடஸ்' என்று இதற்குப் பெயர் வைத்தார். பெயர் வைப்பது சுலபம், எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்பதுதான் தலைவலி. 1847-ல் பிரான்சின் கத்ரஃபாஜ், புழுக்களுக்கும் கடல் வெள்ளரிகளுக்கும் நடுவே உள்ள 'பாலம்' என்று கருதி, கிரேக்கத்தில் பாலம் எனப் பொருள்படும் சொல்லால் ஒரு கூட்டம் அமைத்து அதில் இதைப் போட்டார். அது நிலைக்கவில்லை. பிறகு நீண்ட காலம் யாரோடும் ஒட்டாத தனித் தொகுதியாகவே பாடநூல்களில் இருந்தது.

நடுவில் ஒரு வேடிக்கை. 1885-ல் ஸ்காட்லாந்துக் கரையில் கிடைத்த ஒரு கடலைப் புழுவுக்குப் பெயர் வைத்தவர் ஆங்கிலேய விலங்கியலாளர் ரே லங்காஸ்டர். அந்தக் கரை கோல்ஃப் விளையாட்டுக்குப் பேர்போன செயின்ட் ஆண்ட்ரூஸ். அவர் வைத்த பெயர்: 'கோல்ஃபிஞ்சியா'! விடுமுறை எப்படிப் போனது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். மண்புழுவும் அட்டையும் கடற்கரைப் பூரான் புழுக்களும் 'வளையப் புழுக்கள்'. வளையம்தான் அவற்றின் அடையாள அட்டை. கடலைப் புழுவுக்கு வளையமே இல்லை. ஆகவே அது வேறு, இதுதான் பழைய வாதம்.

2008-ல் ஒரு கடலைப் புழு இனத்தின் குட்டிப் புழுக்களில் நரம்பு எப்படி வளர்கிறது என்று பார்த்தவர்களுக்கு ஆச்சரியம் காத்திருந்தது. வளர்ந்த புழுவின் வயிற்றுப் பக்கம் ஒற்றை நரம்பு வடம்தான் இருக்கும். ஆனால் குட்டியில் முதலில் இரண்டு வடங்கள் தோன்றின. நரம்பணுக்கள் ஜோடி ஜோடியாக, ஒன்றன்பின் ஒன்றாக, வளையப் புழுக்களில் வருவது போலவே வந்தன. பிறகு இரண்டு வடமும் ஒன்றாகி, அந்த ஒழுங்கு மறைந்துபோனது. வளையங்கள் இருந்த ஒரு மூதாதையின் சுவடு குட்டிப் பருவத்தில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

2011-ல் மரபணுத் தரவுகளை வைத்து நடந்த பெரிய ஒப்பீடும் கடலைப் புழுவை வளையப் புழுக் குடும்பத்துக்குள்ளேயே வைத்தது. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் இதை ஏற்கிறார்கள். உங்களிடம் பழைய உயிரியல் புத்தகம் இருந்தால் அதில் தனித் தொகுதி என்றுதான் போட்டிருக்கும், குழம்ப வேண்டாம்.

'எளிமையாக இருக்கிறது, ஆகவே பழமையானது' என்று நாம் சட்டென்று முடிவு கட்டிவிடுகிறோம். கடலைப் புழு விஷயத்தில் அந்தக் கணக்கு தப்பு. தடுப்புச் சுவர்களும் வளையங்களும் முன்னோரிடம் இருந்தன, இதனிடம் இல்லாமல் போயின. அறைகளாகப் பிரிந்த உடலில் திரவம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தடையின்றி ஓடாது. குழாயை அவ்வளவு தூரம் நீட்டவும் முடியாது.

வயதிலும் இது சாதாரண ஆளில்லை. சீனாவின் யுன்னான் மாநிலத்தில், ஏறத்தாழ 52 கோடி ஆண்டு பழைய பாறைகளில் கிடைத்த புதைபடிவங்களைக் கடலைப் புழுக்கள் என்று 2004-ல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். டைனோசர்கள் வருவதற்கு 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால்!

குட்டிப் பருவத்தில் உலகம் சுற்றும்

பொந்தை விட்டு அசையாத புழு எப்படி இத்தனை கடல்களுக்குப் பரவியது? குட்டிகள்தான் காரணம். பல இனங்களில் முட்டையிலிருந்து வரும் குட்டி, 'பெலாகோஸ்ஃபெரா' என்ற உருண்டையான நீந்தும் பருவத்துக்கு மாறும். இந்த வகைக் குட்டி கடலைப் புழுக்களைத் தவிர வேறெதற்கும் கிடையாது. சில இனங்களின் குட்டிகள் மாதக்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும், பெருங்கடலின் நடுவிலும் இவை வலையில் சிக்கியிருக்கின்றன.

எங்கே இறங்குவது என்று அதற்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிலையத்தில் பல்லாண்டுகள் இந்தப் புழுக்களையே ஆராய்ந்த மேரி ரைஸ், ஓர் இனத்தின் குட்டிகள் தங்கள் இனத்துப் பெரிய புழுக்கள் வாழ்ந்த மணலில் போட்டால் சீக்கிரம் உருமாறுகின்றன என்று காட்டினார். பெரியவர்கள் விட்டுச்சென்ற ஏதோ ஒரு வேதிப்பொருளின் தடம் அந்த மணலில் இருக்கிறது. 'இங்கே ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது, நம்பி இறங்கலாம்' என்பது போல.

1819-ல் சிங்கப்பூரில் சுமார் 75 சதுர கிலோமீட்டர் சதுப்புநிலக் காடு இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. இன்று மிஞ்சியிருப்பது அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நிலமீட்பு, நீர்த்தேக்கம், இறால் குட்டை என்று பல வழிகளில் போனது. மரங்களைத் திரும்ப நடலாம், நடுகிறார்கள். ஆனால் பழைய சேறும் அதில் குடியிருந்தவையும் மரத்தோடு சேர்ந்து வருவதில்லை.

பவளத்தை இழுத்துச் செல்லும் வாடகைதாரர்

சில கடலைப் புழுக்கள் பவளப் பாறையைத் துளைத்து உள்ளே குடியிருக்கும். சில, காலியான சங்குகளில் துறவி நண்டு மாதிரி வாழும். எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வகை.

இந்திய, பசிபிக் கடல்களின் மணல் தரையில் நாணயம் அளவிலான தனிப் பவளங்கள் இருக்கின்றன. மணலில் பவளம் இருப்பதே ஆபத்து, ஒரு புரட்டில் புதைந்துவிடும். ஆனால் இந்தப் பவளம் ஆரம்பத்தில் வந்து ஒட்டுவது ஒரு குட்டிச் சங்கின் மேல். அந்தச் சங்குக்குள் கடலைப் புழு. பவளம் வளர்ந்து சங்கையே மூடிவிடும், புழு இருக்கும் சுருள் அறையை மட்டும் விட்டுவைக்கும். புழு குழாயை நீட்டி மணலில் ஊன்றி இழுக்க, பவளமும் கூடவே நகரும். புதைந்தாலும் வெளியே இழுத்துவிடும். புழுவுக்கு வீடு, பவளத்துக்குக் கால். 'நடக்கும் பவளம்' என்றே இதற்குப் பெயர்.

2017-ல் ஜப்பானின் அமாமி தீவுப் பகுதியில் இப்படிப்பட்ட பவளங்களில், புழு இருக்க வேண்டிய இடத்தில் அதுவரை பெயரிடப்படாத ஒரு துறவி நண்டு இனம் இருப்பதைக் கண்டார்கள். அதுவும் பவளத்தை இழுத்துக்கொண்டுதான் திரிகிறது. வாடகைதாரர் மாறினாலும் ஒப்பந்தம் அதேதான்.

சாப்பிடுவாங்களா?

சாப்பிடுவாங்க. சீனாவின் சியாமென், சுவான்சோ பகுதிகளில் இதை வேகவைத்து ஆறவிடுவார்கள். தோலிலுள்ள கொலாஜன் கரைந்து தானாகவே ஜெல்லி மாதிரி உறைந்துவிடும். சிறு கிண்ணத்தில் சோயா, காடி, பூண்டு சேர்த்துப் பரிமாறுவார்கள். 'மண் மூங்கில்குருத்து' என்று ஹொக்கியன் மொழியில் நாசூக்காகப் பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஹொக்கியன் நண்பரின் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்க, கேள்விப்பட்டிருக்கலாம். வியட்நாமின் குவாங் நின் கரையில் தோண்டியெடுத்துக் காயவைத்து, 'ஃபோ' சூப்பின் சாற்றில் சுவைக்காகப் போடுகிறார்கள்.

நம் ஊரில் எங்கே பார்க்கலாம்?

நேராகப் பார்ப்பது கஷ்டம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சேற்றில் விரல் நுழையும் அளவுக்குக் குறைவான துளைகள் தெரியும், ஆனால் நண்டுத் துளைகளும் அப்படித்தான் இருக்கும். தோண்டிப் பார்க்காதீங்க. சுங்கை பூலோ போன்ற இயற்கை வனப்பகுதிகளில் உயிரினங்களைத் தொந்தரவு செய்வதும் எடுப்பதும் சட்டப்படி குற்றம்.

கடல் நன்றாக வடியும் நாளாகப் பார்த்து, வழிகாட்டியோடு போகும் கரை நடையில் சேர்ந்துகொள்வது நல்லது. சேற்றில் இறங்கி நடக்காமல் பாதையிலேயே நில்லுங்க, உங்கள் எடை சேற்றை அமுக்கினால் கீழே இருப்பவற்றின் பொந்துகள் மூடிப்போகும். மழைக்குப் பிறகோ, அலை அரித்த இடத்திலோ சில நேரம் புழு மேலேயே கிடக்கும். கடலை மாதிரி சுருண்டிருந்தால் அவசரப்படாமல் சில நிமிடம் காத்திருங்க, குழாய் வெளியே வரலாம். கைப்பேசியில் வீடியோவை முதலிலேயே ஓடவிட்டுவிடுங்க. உள்ளே இழுத்துக்கொள்ள அதற்கு ஒரு விநாடிகூடத் தேவைப்படாது.